முன் இருக்கை

நீச்சல் தெரியாது எனக்கு. முட்டி இரண்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே செய்தி சொல்லிவிடும். வயது அப்போது ஐம்பத்தாறு. இப்படிப்பட்ட ஒருத்தி காட்டு ஏரியில் காயாக் ஓட்டக் கிளம்புகிறாள் என்றால் ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் அப்படித்தான் நினைத்தார்கள். நினைக்கட்டும். நான் போனது ஏரியைப் பார்க்க இல்லை, என் தங்கையைப் பார்க்க. முப்பது வருடமாக என்னோடு பேசாத தங்கையை. பேசாத என்று அவள் மேல் பழியைப் போடுவதும் தப்பு. பேச முடியாதபடி செய்தவள் நான்தான்.

சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிகிறேன். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, சின்ன வயது, சனி ஞாயிறு வந்தால் மலை, குகை, ஆறு என்று எதிலாவது விழுந்து எழுந்து திங்கட்கிழமை உடம்பெல்லாம் கீறலோடு வருவாள். அப்படி ஒரு திங்கட்கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கும் என் சோற்றுக்கும் நடுவில் கைப்பேசியை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. பெரா ஏரி. பாஹாவ் தாண்டி உள்ள போகணும். அசல் காடுலா! இந்தா, காயாக் விடுற அம்மாவப் பாருங்க. பார்க்க நம்ம ஆளு மாதிரியே இருக்காங்க. ஆனா வாயத் திறந்தா மலாய்தான்."

படத்தில் ஒரு பெண் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொப்பி, மிதவைச் சட்டை, கறுத்துக் காய்ந்த முகம். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. அந்த வெட்டு நான் போட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஆறு. என் ரிப்பனை எடுத்துக் கட்டிக்கொண்டாள் என்று ரப்பர் பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தை எடுத்து எறிந்தேன். கோபம் எனக்கு அப்போதே மூக்கு மேல்தான் இருந்தது.

"தெரிஞ்சவங்களா ஆன்ட்டி?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட விடு" என்றேன். மிச்சச் சோற்றைக் கொட்டினேன். தட்டைக் கழுவிவிட்டு நோயாளிகளின் அட்டைகளை அடுக்கினேன், தப்புத் தப்பாக அடுக்கினேன்.

நாங்கள் பாஹாவ் பக்கம் ஒரு தீம்பாரில் பிறந்தவர்கள். தோட்டத்தை எங்கள் பேச்சில் தீம்பார் என்போம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பால் வெட்டி எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். தீம்பாரின் கடைசி மர நிரை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டுக்கு அந்தப் பக்கம் சதுப்பு, அதற்கு அப்புறம் ஏரி. ஏரிக்கரையில் வாழும் பூர்வகுடிகள் மோட்டார் சைக்கிளில் தீம்பார்க் கடைக்கு வருவார்கள். தேனும் கருவாடும் விற்றுவிட்டு அரிசி வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு நாங்கள் அப்போது வைத்திருந்த பெயரை இப்போது எழுதக் கை கூசுகிறது. அவர்களில் ஒருவனை என் தங்கை விரும்பினாள். எனக்குப் பரிசம் போட நாள் குறித்து, மாப்பிள்ளை சி ரூசா கடற்கரையில் ஹோட்டல் வேலை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பத்து நாள் இருக்கும்போது, அவனோடு மோட்டாரில் ஏறிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆள்கூட அனுப்பவில்லை. சும்மா இருந்துவிட்டார்கள். பரிசம் நின்றுபோனது.

ஒரு மாதம் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். அவன் வெள்ளைச் சட்டை, அவள் அம்மாவின் பழைய மஞ்சள் சேலை. கையில் வெற்றிலைத் தட்டு, ஒரு போத்தல் தேன், செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. வேலை முடிந்து லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுவதும் பொதுக்குழாயடியில் நிற்கிற நேரம் பார்த்து வந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்வோம் அல்லவா? உயிரோடு இருக்கிறவளுக்கு அதைச் செய்தால் அவள் செத்தவள் என்று அர்த்தம். "உனக்குத் தலை முழுகிட்டேன்" என்று வாயால் சொல்கிறவர்கள் எங்கள் சனத்தில் ஆயிரம் பேர். நான் வாயால் சொல்லவில்லை. கட்டின சேலையோடு குழாயடியில் உட்கார்ந்து, நிரம்பி இருந்த வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தேன். ஒன்று போதவில்லை. மூன்று வாளி.

"எனக்குத் தங்கச்சி செத்துட்டா! எல்லாரும் கேட்டுக்குங்க, செத்துட்டா!"

பக்கத்து வீட்டுக்காரி "அப்படிப் போடு" என்றாள். அம்மா வாசலைவிட்டு இறங்கவில்லை. தங்கை அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டையும் தேனையும் கால்வாய்த் திண்டின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். மோட்டாரில் ஏறினாள். அவ்வளவுதான். தண்ணீர் சொட்டச் சொட்ட நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு.

பிறகு பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்தார்கள். நானும் அம்மாவும் சிரம்பானுக்கு வந்து ரஹாங்கில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. வந்த இடங்களை எனக்குப் பிடிக்கவில்லை, என் வாயை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தாள். குளிப்பாட்டியது, துடைத்தது, மூத்திரத் துணி துவைத்தது எல்லாம் இந்தக் கைதான்.

கடைசி மூன்று நாள் ஆஸ்பத்திரியில், கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "சின்னவ வந்துட்டாளா?"

லயத்தில் எங்கள் அண்டை வீட்டுக்காரராக இருந்தவர் லாரி ஓட்டுகிறவர். அம்மாவைப் பார்க்க வந்தவர் வராந்தாவில் வைத்துக் கேட்டார். "நான் பாஹாவ் பக்கந்தான் போறேன். ஏரி வரைக்கும் போய் சின்ன பாப்பாகிட்ட சொல்லிட்டு வரவா?" நான் "சொல்லியாச்சுண்ணே" என்றேன். பிறகு உள்ளே போய் அம்மாவிடம், "சொல்லி அனுப்பிட்டேம்மா. வர மாட்டேன்னு சொல்லிட்டா" என்றேன்.

ஒருவரிடமும் நான் சொல்லி அனுப்பவில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தவளை விட்டுவிட்டு, ஓடிப்போனவளைத் தேடுகிறாளே என்று வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு என்ன? அம்மா "அவ கோவம் நியாயந்தான்" என்றாள். அதற்குப் பிறகு சின்னவளைக் கேட்கவில்லை. அன்று இரவே போய்விட்டாள்.

அதெல்லாம் நடந்து இப்போது எட்டு வருடம் ஆகிறது. அம்மா இருந்தவரைக்கும் எனக்குக் கோபப்பட ஒரு வீடு இருந்தது. அவள் போன பிறகு கோபம் எங்கே போய் உட்காரும்? மெல்ல மெல்லக் கரைந்து, அடியில் இருந்தது மேலே வந்தது. எனக்குத் தங்கச்சி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோறு தண்ணி மாதிரி வேண்டும். என்னை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ள ஒரே வாய் அவளுடையது. பாசார் சந்தையில் மீன் விற்கிறவன்கூட அக்கா என்பான், அது மீன் விற்பதற்கு. தீபாவளிக்கு ஒரு ஆளுக்கு முறுக்குச் சுட்டு, ஒரு ஆளாகவே தின்று முடிப்பேன். புதுச்சேலை எடுத்தால் நல்லாயிருக்கா என்று கேட்கக் கண்ணாடிதான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும், எந்த வழியாகப் போவது என்றும் தெரியும். மூன்று வாளித் தண்ணீரையும் அந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

படத்தைப் பார்த்த வாரமே அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன்.

"அடுத்த வாட்டி போறப்ப நானும் வர்றேன்."

அவள் சிரித்தாள். "ஆன்ட்டி, நீச்சல் தெரியுமா?"

"ஜாக்கெட் குடுப்பாங்கல்ல? அது மிதக்கும். நான் அதுக்குள்ள இருப்பேன்."

அவளும் அவள் கூட்டாளிப் பிள்ளைகளும் நானுமாக ஒன்பது பேர், இரண்டு கார். காரை நாங்கள் காடி என்போம். அதிகாலையிலேயே கிளம்பினோம். காரில் போகும்போது நான் ஒரு பதிலை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். தங்கை அம்மாவைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியது. அம்மாவுக்குக் கடைசியில் நினைவே இல்லை, யாரையும் கேட்கவில்லை, தூங்குகிற மாதிரி போய்விட்டாள். நல்ல பொய். யாருக்கும் வலிக்காத பொய். அதைச் சொல்லிவிட்டால் குழாயடிச் சண்டை மட்டும்தான் மிச்சம், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். முன்னால் இருந்த பிள்ளைகள் பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் தீம்பார் முனை எப்போது போனது என்றே நான் பார்க்கவில்லை.

ஜெட்டி என்கிற படகுத்துறையில் அவள் நின்றாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. அவளுக்குப் பின்னால் நரைத்த ஆள் ஒருவர் துடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் வந்தவர்தான். அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார், தலையை மட்டும் அசைத்தார். தங்கையின் கண் வரிசையாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தது. என் மேல் வந்து ஒரு நொடி நின்றது. அப்புறம் அடுத்த ஆளுக்குப் போனது.

மலாயில் சட்டதிட்டம் சொன்னாள். படகில் எழுந்து நிற்கக் கூடாது, திரும்பிப் பார்த்து ஆடக் கூடாது, குப்பை போடக் கூடாது. காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, காட்டில் உலவும் வேறு ஏதாவது ஏன் என்று பதில் குரல் கொடுக்கும். இது எங்கள் தீம்பாரிலும் உள்ள வழக்கம்தான். அவள் பெயரை முப்பது வருடமாக வாயில் எடுக்காதவளுக்கு அவள் வாயாலேயே இந்தச் சட்டம்.

ஒரு படகுக்கு இரண்டு பேர். நான்கு படகு நிறைந்தது. ஒற்றையாக மிஞ்சியவள் நான். நீச்சல் தெரியாத கிழவியைத் தனியாக விட முடியுமா? வழிகாட்டியின் படகில்தான் ஏற்ற வேண்டும்.

அவள் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "புவான், டுடோக் டெபான்."

அம்மையாரே, முன்னால் உட்காருங்கள் என்கிறாள். புவானாம்! என்னை ஒரு புவான் ஆக்கிவிட்டாள். நான் காலைத் தூக்கி வைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஐயோ முருகா!" என்று கத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பிடித்து, மாவு மூட்டையை இறக்குகிற மாதிரி முன் இருக்கையில் இறக்கிவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டாள்.

இரண்டு பேர் ஓட்டும் காயாக்கில் ஒரு விஷயம் உண்டு. பின்னால் இருப்பவர்தான் திசை பார்த்துப் படகைத் திருப்புவார். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுகிற வேகத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப் போக வேண்டும். அவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும். முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருடம் கழித்து என் தங்கை என்னிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறாள், எனக்குத் தெரிவதெல்லாம் தண்ணீர்.

தண்ணீர் பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் தாழைக்கு உறவான ரசாவ் புதர் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதற்கு நடுவே சந்து சந்தாக வழி. பத்து அடி போனால் வந்த வழி எது என்று தெரியாது. மற்றப் படகுகள் சிரித்துக்கொண்டே முன்னால் போய் மறைந்தன. நான் துடுப்பைத் தண்ணீரில் போட்டதைவிட அவள் துடுப்பின் மேல் போட்டதுதான் அதிகம். டக், டக் என்று கட்டை மோதும். அவள் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டு, என் கை திரும்ப வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு போட்டாள்.

"நல்லாருக்கியா?" என்று கேட்டேன், தண்ணீரைப் பார்த்து.

"கானான், புவான்." வலது பக்கம்.

"எத்தன பிள்ளைங்க?"

"கீரி." இடது பக்கம்.

"உன் வீட்டுக்காரர் என்னைய அடையாளம் கண்டுபிடிச்சிட்டாரு. உனக்குத் தெரியலையா?"

"கீரி" என்றாள். என் கோபம் எங்கேயும் போய்விடவில்லை, கரைந்துவிட்டது என்று நான்தான் ஏமாந்திருக்கிறேன். "ஏய், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ரெண்டு மணி நேரம் காடியில உட்கார்ந்து முட்டி செத்து வந்திருக்கேன். கானான் கீரின்னு நாய வெரட்டுற மாதிரி வெரட்டுற!"

"கானான்" என்றாள்.

கொஞ்ச தூரம் வீம்பாகத் துடுப்புப் போட்டேன். பிறகு வீம்பும் ஓய்ந்துவிட்டது. எப்போது என்று சொல்ல முடியாது, மோதுகிற சத்தம் நின்றிருந்தது. என் துடுப்பு வலது பக்கம் விழும்போது அவளுடையதும் வலது பக்கம் விழுந்தது. இரண்டும் ஒரே சத்தமாகத் தண்ணீரை விட்டு எழுந்தன. அவள் இடம் வலம் சொல்வதையும் விட்டுவிட்டாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இப்படியே சாயங்காலம் வரைக்கும், இந்த ஏரி முடியும் வரைக்கும், போய்க்கொண்டே இருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஒரு சந்து மிகவும் குறுகலாக வந்தது. ரசாவ் இலையின் ஓரமெல்லாம் முள். என் சட்டைக் கை அதில் மாட்டிக்கொண்டது. நான் இழுக்க இழுக்கப் படகு ஆடியது. அவள் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்தினாள். பின்னாலிருந்து எக்கி, ஒரு கையை என் தோளில் அழுத்திக்கொண்டு, மறு கையால் துணியிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாம் எடுத்து முடித்துவிட்டாள். தோளில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"அக்கா" என்றாள்.

துடுப்பை மடியில் வைத்தேன்.

"அம்மா என்னையக் கேட்டுச்சா?"

தமிழ் அவள் வாயில் துருப்பிடித்திருந்தது, நிறுத்தி நிறுத்தி வந்தது. "பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அம்மா போன விஷயமே தெரியும். பழைய தீம்பார்க் கடக்காரரு சொன்னாரு. நான் அன்னையிலேருந்து அத மட்டுந்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சாவுறப்ப என்னையக் கேட்டுச்சா, இல்ல அதுவும் என்னைய முழுகிருச்சா?"

மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. நினைவே இல்லை, யாரையும் கேட்கவில்லை. சொன்னால் போதும். அந்தக் கை என் தோளிலேயே இருக்கும். அக்கா என்ற அந்தச் சொல்லும் எனக்கே இருக்கும். ஆனால் அவள் கேட்ட கேள்வி வேறு. அம்மா கேட்கவில்லை என்று நான் சொன்னால், அம்மாவும் தன்னைத் தலை முழுகிவிட்டாள் என்று இவள் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் வலிக்காத பொய் என்று நினைத்தேனே, அதை நாலாவது வாளியாக இவள் தலையிலேயே ஊற்றப் பார்த்திருக்கிறேன்.

"கேட்டுச்சு" என்றேன். "மூணு நாளும் கேட்டுச்சு. கண்ணத் தொறந்தா சின்னவ வந்துட்டாளான்னுதான் கேட்டுச்சு. வேற யாரையும் கேக்கல."

தோளில் இருந்த கை என் சட்டையைப் பற்றிக்கொண்டது. நான் மேலே சொன்னேன்.

"நான்தான் உனக்குச் சொல்லி அனுப்பல. சொல்றதுக்கு ஆளு இருந்துச்சு, நான் வேணான்னுட்டேன். சொல்லி அனுப்பிட்டேன், நீ வர மாட்டேன்னுட்டேன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

"அம்மா நம்பிருச்சா?"

"நம்பிருச்சு. உன் கோவம் நியாயந்தான்னு சொல்லுச்சு."

தோளில் இருந்த கை போய்விட்டது. படகு தானாக மெல்ல நகர்ந்து ரசாவ் புதரில் முட்டி நின்றது. எங்கோ ஒரு பெரிய மீன் துள்ளி விழுந்தது. நான் வாய்விட்டு அழுதேன், சளி ஒழுக அழுதேன், துடுப்பு மடியில் கிடந்தது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. முதுகில் கண் இல்லையே. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்பதும் தெரியாது. பிள்ளைகள் எங்களைத் தேடி விசில் அடிக்கத் தொடங்கினார்கள்.

"கானான், புவான்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அதுதான். கானான், கீரி. ஜெட்டியில் எல்லோரையும் கைபிடித்து ஏற்றிவிட்டாள், என்னையும் ஏற்றிவிட்டாள். எல்லோருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னாள். "தெரிமா காசே, புவான். டாத்தாங் லாகி." நன்றி, மறுபடியும் வாருங்கள். கடை வாசலில் சொல்கிற சொல்.

காரில் அந்தப் பெண் கேட்டாள். "ஆன்ட்டி, அந்தம்மா உங்ககிட்ட தமிழ் பேசினாங்களா?"

"பேசினாங்க. கொஞ்சம்."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எவன் சொன்னான்? எனக்கு ஒரு பாரமும் இறங்கவில்லை. அந்த ஒரு அக்கா என்ற சொல் காதுக்குள் இருந்துகொண்டு அரித்தது. தலை வாரும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, நோயாளிக்கு ரசீது கிழிக்கும்போது கேட்டது. பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாமே சனியனே என்று என்னை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். முன்பு இல்லாததற்கு ஏங்கினேன். இப்போது கிடைத்துப் போனதற்கு ஏங்குகிறேன், இது மோசம்.

ஆனால் மறுபடியும் வாருங்கள் என்று சொன்னாள் அல்லவா? மூன்று மாதம் கழித்துப் போனேன், தனியாக. பாஹாவ் வரை பேருந்து, அங்கிருந்து வாடகைக் காடி. தங்கை என்னைப் பார்த்தாள், தன் புருஷனைக் கூப்பிட்டாள். அவர்தான் எனக்குப் பின்னால் ஏறினார். நல்ல மனிதர். இது தோமான் மீன், இது குஞ்சு பொரிக்கிற இடம் என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த முறையும் அவர்தான். அதற்கடுத்த முறையும் அவர்தான். ஜெட்டிக்கு வந்து இறங்கும்போது அவள் தூரத்தில் மிதவைச் சட்டைகளை அலசிக் காயப் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த முதுகைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். கிளினிக்கில் ஆன்ட்டி பெரிய விளையாட்டு வீராங்கனை ஆகிவிட்டார் என்று கேலி செய்கிறார்கள். கைக்கு நல்ல பலம் வந்திருப்பது உண்மைதான்.

போன மாதம் போனபோது ஏரியில் புதுச் சட்டம். படகு ஏறுகிற ஒவ்வொருவரும் பாரம் என்கிற படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். ஜெட்டியில் மேசை போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பாரத்தை என் பக்கம் தள்ளினாள், முகத்தைப் பார்க்காமல். பெயர் எழுதினேன், அடையாள அட்டை எண் எழுதினேன், நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் தெரியாது என்று போட்டேன். அதற்குக் கீழே இருந்தது: ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

பேனா நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு சீனக் குடும்பம் காத்திருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது? கிளினிக் முதலாளிக்கா? வேறு வழி தெரியாமல்தான் எழுதினேன், சத்தியமாகச் சொல்கிறேன், சாமர்த்தியம் பண்ணவில்லை. அவள் பெயரை எழுதினேன். முழுப் பெயர், அப்பா பெயரோடு. உறவு என்ற இடத்தில் தங்கை என்று மலாயில் எழுதினேன். தொலைபேசி எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பாரத்தைத் திருப்பித் தள்ளினேன்.

அவள் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். சீனக் குடும்பத்தின் குழந்தை ஒன்று சிணுங்கியது.

"நொம்போர் தெலெபோன் மானா?" எண் எங்கே என்று கேட்டாள், மலாயில்.

"தெரியாது" என்றேன், தமிழில்.

அவள் அந்தப் பெயரை அடிக்கவில்லை. உறவையும் அடிக்கவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் தன் எண்ணை எழுதத் தொடங்கினாள். ஒவ்வோர் எண்ணாக, அவசரப்படாமல், எதிரே நிற்கிற எனக்குத் தலைகீழாகவும் படிக்க வருகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.